மார்பக மறுசீரமைப்பு: எந்த முறை என்று யார் முடிவு செய்வது? அமெரிக்காவின் 1998 சட்டம் சொல்வது

புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிய பிறகு, அதை மறுபடியும் உருவாக்கும் அறுவை சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் பணம் தருமா? 1990களில் அமெரிக்காவில் இதைக் கேட்ட பல பெண்களுக்கு, "அது அழகுக்கான சிகிச்சை, தர முடியாது" என்றுதான் பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு முடிவு கட்டிய மத்தியச் சட்டம் 1998 அக்டோபர் 21 அன்று கையெழுத்தானது. பெண்கள் உடல்நலம் மற்றும் புற்றுநோய் உரிமைச் சட்டம் என்று பெயர். நியூயார்க் செனட்டராக இருந்த அல்ஃபோன்ஸ் டமாட்டோ அதற்காக முன்னின்று போராடினார். அங்கே கம்பெனி இன்சூரன்ஸை நம்பி வாழும் நம் குடும்பங்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு தேடிப் படிக்க யாருக்கும் தெம்பு இருக்காது.

சட்டத்தின் அடிப்படை எளிமையானது. உங்கள் பாலிசி மார்பகத்தை அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பணம் தருகிறது என்றால், மறுசீரமைப்பின் எல்லாக் கட்டங்களுக்கும் அது பணம் தர வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்திருக்க, நோய் இல்லாத மார்பகத்தில் செய்யும் அறுவை சிகிச்சைக்கும் தர வேண்டும். மறுசீரமைப்பு வேண்டாம் என்பவர்களுக்குச் செயற்கை மார்பகம் உண்டு. கை வீங்கிப்போகும் நிணநீர் வீக்கம் உள்ளிட்ட பின்விளைவுகளின் சிகிச்சையும் இதில் அடங்கும். இலவசம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். மற்ற சிகிச்சைகளுக்கு இருக்கும் அதே டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை), அதே பங்குத்தொகை இதற்கும் உண்டு.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொரு வரி. சிகிச்சை எப்படி நடக்க வேண்டும் என்பதை, சிகிச்சை தரும் மருத்துவரும் நோயாளியும் கலந்து பேசித் தீர்மானிக்க வேண்டும் என்கிறது அது. அதன் அருமை புரிய, தேர்வு செய்ய என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிலிக்கான் இம்பிளான்ட் ஒரு வழி. உடலின் சொந்தத் திசுவை எடுத்து மார்பகம் அமைப்பது இன்னொரு வழி. அதிலேயே பல முறைகள் உண்டு. 1980களில் பரவிய டிராம் முறையில், அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் வயிற்றுத் தசையோடு சேர்த்து மார்புக்குக் கொண்டுவருவார்கள். தசை போவதால் வயிறு பலவீனமாகும். சிலருக்குப் புடைப்போ குடலிறக்கமோ வரும். அதற்கு மாற்றாக வந்தது டீப் ஃபிளாப். தசையை எடுக்காமல், அதற்குள் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்களைப் பிரித்தெடுத்து, தோல், கொழுப்போடு மார்புக்கு மாற்றி, அங்கே உள்ள குழாய்களோடு மைக்ரோஸ்கோப்பின் உதவியால் தைப்பார்கள். நியூ ஆர்லியன்ஸில் டாக்டர் ராபர்ட் ஆலன் 1992இல் இதை மார்பக மறுசீரமைப்புக்குச் செய்தார். அறுவை சிகிச்சை பல மணி நேரம் நீளும். அதன் பிறகு முதல் ஒன்றிரண்டு நாள் ரத்தம் ஓடுகிறதா என்று மணிக்கொரு தரம் பார்ப்பார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் உடனே மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டியிருக்கும். அரிதாக, மாற்றிய திசு மொத்தமும் வீணாவதும் உண்டு.

வயிற்றில் போதிய கொழுப்பு இல்லாதவர்களுக்கும், ஏற்கெனவே வயிற்றைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் தொடையிலிருந்தோ பிட்டத்திலிருந்தோ எடுக்கலாம். முதுகுத் தசையைப் பயன்படுத்தும் முறையும் உண்டு, அதோடு பெரும்பாலும் இம்பிளான்டும் தேவைப்படும். சிசேரியன் தழும்பு இருந்தால் மட்டும் டீப் முடியாது என்று ஆகிவிடாது. சிடி ஸ்கேனில் குழாய்களைப் பார்த்துச் சொல்வார்கள். கதிர்வீச்சு சிகிச்சை எடுத்த மார்பில் இம்பிளான்டுக்குச் சிக்கல்கள் அதிகம் என்பதால், அங்கே சொந்தத் திசுவை மருத்துவர்கள் விரும்புவது வழக்கம். ஆக, எந்த முறை என்பது ஒவ்வொரு உடலையும் வேலையையும் வீட்டு நிலைமையையும் பொறுத்தது. பாரம் தூக்கும் வேலை செய்யும் ஒருவருக்கு வயிற்றுத் தசை எவ்வளவு முக்கியம் என்பதை இன்சூரன்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் எப்படி அறிவார்?

சரி, பிறகு எங்கே சிக்கல்? சட்டம் எந்த முறையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மருத்துவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் பெண்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பில்லிங் குறியீடு உண்டு. டீப் முறைக்கென்று தனியார் இன்சூரன்ஸ்கள் பயன்படுத்திவந்த எஸ்2068 போன்ற குறியீடுகளை 2024 முடிவோடு நீக்கப்போவதாக மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) இரண்டையும் கவனிக்கும் மத்திய சேவை மையம் அறிவித்தது. அவை போனால் மிஞ்சுவது 19364 என்ற பொதுக் குறியீடு. அதற்குக் கிடைக்கும் தொகை மிகக் குறைவு. கெடுவுக்கு முன்பே சில இன்சூரன்ஸ் கம்பெனிகள் பழைய குறியீட்டை ஏற்பதை நிறுத்த முற்பட்டன. அந்தத் தொகைக்கு இத்தனை நீண்ட அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்றார்கள் மருத்துவர்கள். கையில் காசு உள்ளவருக்கு டீப், இல்லாதவருக்கு வேறு முறை என்று ஆகிவிடும் நிலை. நோயாளிகளும் மருத்துவர்களும் விடாமல் எதிர்த்தார்கள். 2023 ஜூனில் பொதுக்கூட்டம் நடந்தது. ஆகஸ்டில் அந்தக் குறியீடுகள் நீடிக்கும் என்று மையம் அறிவித்தது. ஆனால் குறியீடு இருப்பதாலேயே இன்சூரன்ஸ் அதன்படி பணம் தந்தாக வேண்டும் என்றில்லை.

அதனால் நாள் குறிக்கும் முன்பே சர்ஜனின் அலுவலகத்தில், எந்தக் குறியீட்டில் பில் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். அதே குறியீட்டைச் சொல்லி இன்சூரன்ஸிடம் முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது போதாது. பெரும்பாலும் இரண்டு சர்ஜன்கள் சேர்ந்து செய்வதால், இருவரும் உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர் பட்டியலில், அதாவது நெட்வொர்க்கில், இருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். நெட்வொர்க்கில் டீப் செய்பவர் யாருமே இல்லையென்றால், வெளி மருத்துவரிடம் நெட்வொர்க் கட்டணத்திலேயே செய்துகொள்ள விதிவிலக்கு கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதே இல்லை.

இன்சூரன்ஸ் மறுத்தால் அதோடு விட வேண்டாம். பொதுவாக 180 நாட்களுக்குள் இன்சூரன்ஸிடமே உள் மேல்முறையீடு செய்யலாம். சிகிச்சைக்கு முந்தைய மறுப்பு என்றால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மருத்துவக் காரணம் சொல்லி அங்கேயும் மறுத்தால், நான்கு மாதங்களுக்குள், இன்சூரன்ஸைச் சேராத வெளியாட்களின் மறுஆய்வு கேட்கலாம். கலந்து பேசித் தீர்மானிக்க வேண்டும் என்ற சட்ட வரியையும், உங்களுக்கு ஏன் இந்த முறை என்ற சர்ஜனின் கடிதத்தையும் கூடவே வையுங்கள். தனியார் வேலை வழி இன்சூரன்ஸ் என்றால் தொழிலாளர் துறையின் பணியாளர் நலன் பிரிவில், 1-866-444-3272 என்ற எண்ணில், உதவி கிடைக்கும்.

மெடிகேரும் மெடிகெய்டும் இந்தச் சட்டத்தின் கீழ் வராது. அவற்றுக்குத் தனி விதிகள். தாமே நிதி போட்டு நடத்தும் சில மாநில, உள்ளாட்சி அரசுத் திட்டங்கள் விலகிக்கொள்ளவும் இடமுண்டு. உங்கள் திட்டம் விலகியதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காலக்கெடு பற்றியும் பயம் வேண்டாம். மார்பகத்தை அகற்றும்போதே மறுசீரமைப்பையும் முடித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. சில வருடம் கழித்து, வேறு வேலைக்கு மாறி, வேறு இன்சூரன்ஸில் இருந்தாலும், அந்தப் புதிய திட்டம் மார்பக அகற்றத்துக்குப் பணம் தருவதாக இருந்தால், மறுசீரமைப்புக்கும் அது தர வேண்டும்.