உறைந்த இறைச்சியும் உப்புக் கரைசலும்

ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் உறைந்த கோழி மாதிரிகள் ஒரு பெட்டி நிறைய வந்தன. எல்லாமே, கிருமியைக் குறைப்பதற்காக டிரைசோடியம் பாஸ்பேட் என்ற உப்பின் கரைசலில் முக்கியெடுத்து உறையவைத்தவை. சோதித்ததில் ஒன்றில்கூட, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இல்லை. சந்தோஷமாக அறிக்கையை எடுத்துக்கொண்டு போனேன். மூத்தவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "கோழியைக் கழுவின தண்ணியோட பிஎச் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால், அமிலத்துக்கு நேர்மாறாக, அது நல்ல காரத்தன்மையோடு இருந்தது. கோழித்தோலில் ஒட்டியிருந்த கரைசல் மாதிரிப் புட்டிக்குள்ளும் வந்துவிட்டது. கிருமியை வளரவிடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது அதுதான். காரத்தை நடுநிலையாக்கி மறுபடி செய்தேன். இரண்டு மாதிரிகளின் தட்டுகளில், கிருமியை வளர்க்கும் சிவப்பு ஊடகத்தின் மேல் கறுப்புப் பொட்டு வைத்ததுபோல சால்மொனெல்லா வரிசையாக எழுந்து நின்றது. அன்றிலிருந்து 'கிருமி இல்லை' என்ற அறிக்கையைப் பார்த்தால், எப்படிச் சோதித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். மைனஸ் 18 டிகிரியில் கிருமி பெருகாது, அவ்வளவுதான். கேம்பைலோபாக்டர் போன்ற சில ஓரளவு மடியும். சால்மொனெல்லாவும் லிஸ்டீரியாவும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். உறைதலில் அடிபட்ட கிருமியை நேராகக் கடுமையான ஊடகத்தில் போட்டால் வளராது, செத்ததுபோலத் தெரியும். அதனால்தான் நாங்கள் அதை முதலில் சத்துள்ள நீரில், உடல் சூட்டில், 18 மணி நேரம் போலத் தேறவிட்டுப் பிறகு தேடுகிறோம். 1993-இல் அமெரிக்காவில், சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கர்களால் 700 பேருக்கு மேல் ஈ.கோலை என்ற கிருமி தொற்றியது, 4 குழந்தைகள் இறந்தார்கள். அந்த இறைச்சி கடைகளுக்கு உறைந்த நிலையில்தான் போயிருந்தது.

ஆகவே உறையவைக்கும் முன்பே கிருமியைக் குறைக்க வேண்டும். தாது உப்புகள் வருவது அந்த இடத்தில்தான். டிரைசோடியம் பாஸ்பேட்டை 8 முதல் 12 சதவீதம் வரை கரைத்தால் பிஎச் 12 பக்கம் போகும். தோலில் இருக்கும் கொழுப்புப் படலம் அதில் கழன்றுகொள்ள, அதைப் பற்றியிருந்த கிருமியும் சேர்ந்து வரும். சால்மொனெல்லாவைச் சுற்றி ஒரு வெளிச்சவ்வு உண்டு. கரைசல் அதைச் சிதைத்து உள்ளே இருப்பதைக் கசியவிடுகிறது. லிஸ்டீரியாவுக்கு அந்த வெளிச்சவ்வே கிடையாது; தடித்த சுவர்தான். அதனால் அது இந்தக் கரைசலுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. போதாக்குறைக்கு, ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்ல வளரும் கிருமி அதுதான்.

சோடியம் குளோரைட்டை (சாப்பாட்டு உப்பான குளோரைடு அல்ல) சிட்ரிக் அமிலம் போன்ற ஒன்றோடு கலந்து தெளிக்கும் முறை வேறு ரகம். அது ஆக்சிஜனேற்றத்தால் கொல்லும். ஆனால் இரத்தமும் கொழுப்பும் நிறைய ஒட்டியிருந்தால் மருந்தின் பலம் அவற்றிலேயே செலவாகிவிடும். முதலில் நன்றாகக் கழுவாத இறைச்சியில் தெளிப்பது ஏறக்குறைய வீண்.

எந்தக் கரைசலானாலும் வேலை மேற்பரப்பில் மட்டும்தான். பத்தில் ஒன்றாகக் குறையும், நன்றாகச் செய்தால் நூறில் ஒன்றாகக்கூடக் குறையும், பூஜ்யமாகாது. கொத்துக்கறியில் நிலைமை இன்னும் மோசம். அரைக்கும்போது மேலே இருந்த கிருமி உள்ளே போய்விடுகிறது. அப்புறம் எதில் முக்கினாலும் அதை எட்ட முடியாது.

உறைந்த இறைச்சிப் பொட்டலத்தில் 'பாலிபாஸ்பேட்' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் கிருமிக்காகச் சேர்த்ததல்ல, இறைச்சி தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காக. நைட்ரைட் என்றால் பதப்படுத்திய இறைச்சி; போட்யூலினம் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி தலையெடுக்காமல் பார்த்துக்கொள்வது அதன் முக்கிய வேலை. எனக்குக் கோபம் வருவது சல்ஃபைட்டைப் பார்த்தால்தான். பழைய இறைச்சியின் மங்கிய நிறத்தை அது மறுபடி சிவப்பாக்கிக் காட்டும், தயமின் என்ற பி1 வைட்டமினையும் அழிக்கும். அதனால் பச்சை இறைச்சியில் அதைச் சேர்க்கப் பல நாடுகள் விடுவதில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் கரைசல் கலக்க வேண்டாம். டிரைசோடியம் பாஸ்பேட் தோலையும் கண்ணையும் அரிக்கும். ஆலையில் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அளவும் நேரமும் பார்த்துச் செய்கிற வேலை அது.

வீட்டில் கவனிக்க வேண்டியது உறை விடும் நேரத்தை. சமையல் மேடையில் வைத்த கட்டி நடுவில் கல்லாக இருக்கும்போதே, வெளிப்பக்கம் அறைச் சூட்டுக்கு வந்து கிருமி பெருகத் தொடங்கிவிடும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், விளிம்புள்ள பாத்திரத்தில் ராத்திரியே எடுத்து வையுங்கள். காலையில் பாத்திரத்தில் தேங்கியிருக்கும் சிவந்த நீரை, பக்கத்தில் காய்கறி எதுவும் இல்லாதபோது சிங்க்கில் கொட்டி, சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோழியைக் குழாயடியில் பிடித்து அலசாதீர்கள், நீர்த்துளி மேடை முழுக்கத் தெறிக்கும். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொடும்வரை வேகட்டும்.