எக்ஸாஸ்ட் ஃபேன் எத்தனை இஞ்ச் போடலாம்?

"அண்ணே, கேபினுக்குள்ள சின்ன ஜெனரேட்டர் வைக்கிறேன். ஃபேன் எத்தனை இஞ்ச் போடலாம்?" படகுகளுக்கு வயரிங் செய்யும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. ஆறு, ஒன்பது என்று ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பார்கள். "உள்ளே வைக்காதே தம்பி" என்றால் முகம் வாடிவிடும்.

பெட்ரோல் ஜெனரேட்டரால் வரும் ஆபத்து இரண்டு. கசியும் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. இறங்கிப் போய்ப் படகின் அடியில், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். கூரைக்குப் பக்கத்தில் மாட்டிய ஃபேன் அதை இழுக்காது. சாதாரண ஃபேனாக இருந்தால், அதன் மோட்டாரிலிருந்து பறக்கும் ஒரு பொறியே தீப்பிடிக்கப் போதும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவோ வேறு மாதிரி. நிறமில்லை, வாசனையில்லை, காற்றோடு கலந்து எங்கும் பரவும். ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

சரி, வெளியே வைத்தால் போதுமா? அதுவும் போதாது. ஒரு படகில் ஜெனரேட்டரைப் பின்பக்கத் தளத்தில் ஓடவிட்டு, கதவைத் திறந்து வைத்து இரண்டு பேர் கேபினில் படுத்திருந்தார்கள். காற்று பின்னாலிருந்து வீசியது. நடு இரவில் தலைவலி, வாந்தி. கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்களாம். சின்ன வயதிலிருந்து கடலில் கிடப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் கடல் ஒத்துக்கொள்ளாமல் போகுமா? நல்லவேளை, ஒருவர் தள்ளாடி வெளியே வந்தார், இன்னொருவரையும் இழுத்துப் போட்டார். மருத்துவமனையில் விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 98 சதவீதம், எல்லாம் சரி என்றே காட்டியது. அந்தக் கருவிக்குக் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் யாரையாவது இப்படிக் கொண்டுபோனால், "ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது" என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

அமெரிக்காவின் பாவெல் ஏரியில் 2000ஆம் ஆண்டு ஒரு வீட்டுப்படகின் பின்மேடைக்கு அடியில் நீந்திப்போன சகோதரர்கள் இருவர் இறந்தார்கள். திறந்தவெளி ஏரிதான். ஆனால் ஜெனரேட்டரின் புகை அந்த மேடைக்கு அடியில்தான் வெளியேறிக்கொண்டிருந்தது.

விளக்குக்கும் போன் சார்ஜுக்கும் எல்இடி, பேட்டரி, இன்வெர்ட்டர் போதும். ஜெனரேட்டர் வேண்டியே வேண்டும் என்றால், நங்கூரம் போட்ட பிறகு திறந்த தளத்தில், புகை படகைவிட்டு வெளியே போகும் திசையில் வையுங்கள். காற்று திரும்பினால் அணைத்துவிடுங்கள். அது ஓடும்போது யாரும் கேபினில் தூங்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கும் இடத்தில் மாட்டுங்கள். அப்புறம், சூடான ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றும் பழக்கம். பத்து நிமிடம் பொறுக்க முடியாத அவசரம் என்னதான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேனில் பெட்ரோல் பிடிப்பதானால் கேனைக் கரையில், தரையில் வைத்துப் பிடியுங்கள்.

ஃபேன் எத்தனை இஞ்ச் என்று கேட்டு வந்தவர்களில் ஒருவர் கடைசியில் பேட்டரிக்கு மாறினார். ஜெனரேட்டர் இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. கரண்ட் போனால் தெருவில் இறக்கித்தான் ஓட்டுகிறாராம்.