கரையொதுங்கும் நீல டிராகன்: கையில் எடுக்க வேண்டாம்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொண்டல் எனப்படும் கீழைக்காற்று சில நாள் விடாமல் வீசினால், வடசென்னையில் காசிமேடு முதல் எண்ணூர் வரையிலான கரையில், குறிப்பாகத் திருவொற்றியூர்ப் பக்கம், கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளுக்கு இடையே நுரையும் குப்பையும் சேரும் மூலைகளில், நீலமும் வெள்ளியும் கலந்த ஒரு சிற்றுயிர் ஒதுங்கக்கூடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் பெசன்ட் நகர்க் கரையில் இது தென்பட்டது செய்தியாக வந்தது. நீல டிராகன் என்று அழைக்கப்படும் இதன் அழகைக் கண்டு பிள்ளைகள் உள்ளங்கையில் ஏந்திப் படம் எடுக்கிறார்கள் என்பதுதான், இப்பகுதியில் தோல் நோய்களுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்குக் கவலை.

கிளாக்கஸ் அட்லாண்டிகஸ் என்பது இதன் அறிவியல் பெயர். ஓடு இல்லாத கடல் நத்தை வகையைச் சேர்ந்த இது சுமார் 3 சென்டிமீட்டர் வரைதான் வளரும். காற்றை விழுங்கி வயிற்றில் தேக்கிக்கொண்டு, மல்லாந்த நிலையில் நீர்ப்பரப்பில் மிதக்கிறது. மேலே தெரியும் நீலம் பறவைகளின் கண்ணிலிருந்தும், கீழே தெரியும் வெள்ளி நிறம் மீன்களின் கண்ணிலிருந்தும் அதை மறைக்கிறது. இத்தனை சிறிய உடலை வைத்துக்கொண்டு, பல மீட்டர் நீளத்துக்குக் கொட்டும் இழைகளைத் தொங்கவிட்டு மிதக்கும் போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்ற, ஜெல்லிமீன் போன்ற சொறி வகையைக் கடித்துத் தின்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அதோடு நிற்பதில்லை, இரையின் கொட்டும் அணுக்களை, அதாவது நஞ்சைச் செலுத்தும் நுண்ணிய செல்களை, வெடிக்காமல் உள்வாங்கி, விரல் போன்ற தன் கிளைகளின் நுனியில் சேமித்துக்கொள்கிறது. நஞ்சு இரையிடமிருந்து வந்ததுதான் என்றாலும், ஒரே இடத்தில் திரண்டிருப்பதால் வலி கடுமையாக இருக்கலாம்.

இதுவும் இதன் இரையும் ஒரே காற்றில்தான் கரைக்கு வருகின்றன. எனவே ஒரு நீல டிராகனைக் கண்டால், அருகில் அறுந்த சொறி இழைகளும் கிடக்கின்றன என்று கருதி நீரில் இறங்காமல் இருப்பதே நல்லது. கடல் உயிர் கொட்டி மருத்துவரிடம் வருபவர்களில் பலருக்கு வலி தந்தது இந்த இழைகளே. பட்ட இடத்தில் சாட்டையால் அடித்த தடம் சிவந்து, நெருப்பாக எரியும். உயிர் போய்க் காய்ந்து கிடந்தாலும் கொட்டும் அணுக்கள் செயலிழப்பதில்லை என்பதைப் பெற்றோர் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

கொட்டிய உடனே மணலை வைத்துத் தேய்ப்பது, சிறுநீர் ஊற்றுவது, சுண்ணாம்பு தடவுவது ஆகிய மூன்றும் கூடாது; தேய்க்கத் தேய்க்க, வெடிக்காமல் இருக்கும் அணுக்களும் வெடித்து நஞ்சை உள்ளே செலுத்தும். முதலில் கடல் நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். வெறும் விரலால் எடுத்தால் விரலும் கொட்டுப்படும். பிறகு தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் பட்ட இடத்தை 20 நிமிடம் அமிழ்த்தி வைத்தால் வலி பெரும்பாலும் தணியும். கரையோர டீக்கடையில் கேட்டால் வெந்நீர் கிடைக்கும். பச்சைத் தண்ணீர் கலந்து, உதவுபவர் தம் கையில் சூடு பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும், இல்லையேல் கொட்டுக்காயத்தோடு தீப்புண்ணும் சேரும். வினிகர் பற்றி மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லாததால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மூச்சுத் திணறல், முகவீக்கம், நெஞ்சுவலி, தொடர் வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும், கண்ணில் பட்டிருந்தாலும், சிறு குழந்தைக்குக் கொட்டியிருந்தாலும், வெந்நீருக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நீல டிராகன் நம்மைத் தேடி வந்து தாக்குவதில்லை. காற்றும் நீரோட்டமும் தள்ளிய இடத்துக்குத்தான் அதனால் வர முடியும். அதை நசுக்குவதோ மணலில் புதைப்பதோ வேண்டாம். புதைத்தால் அடுத்து வெறுங்காலோடு வருபவருக்கு அது தெரியாமல் போகும். கண்ணுக்குத் தெரியும்படி விட்டுவிட்டு, பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளை விலக்குங்கள். வலையிலிருந்து மீன் பிரிக்கும் தொழிலாளர்கள் இந்த மாதங்களில் ரப்பர் கையுறை அணிவதும், சொறி இழை ஒட்டிக் காய்ந்த வலையை உதறும்போது காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதும், வேலை முடிந்து கை கழுவும் வரை கண்ணைத் தொடாமல் இருப்பதும் அவசியம்.