கார்புரேட்டர்: கரியேற்றியா, கலப்பியா?

பழைய காரின் பானெட்டைத் திறந்தால், வட்டமான ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு அடியில் ஒரு சிறிய உலோகப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் கார்புரேட்டர். அந்தப் பெயருக்குள் இருப்பது கரி.

லத்தீனில் ‘கார்போ’ என்றால் கரி. கார்பன் என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். பழைய வேதியியலில் சேர்மங்களின் பெயரில் ‘யூரெட்’ என்று ஓர் ஒட்டு வரும். இன்றைய சல்ஃபைடு அன்று சல்ஃபியூரெட், கார்பைடு அன்று கார்பியூரெட். அந்தப் பெயர்ச்சொல்லே வினையாகி, ‘கரிமம் சேர்’ என்று பொருள் தந்தது. 19ஆம் நூற்றாண்டில் விளக்கு வாயு மங்கலாக எரிந்தால், அதில் எண்ணெய் ஆவியைக் கலந்து ஒளியைக் கூட்டுவார்கள். அதற்கான கருவிக்கும் கார்புரேட்டர் என்றுதான் பெயர். காருக்கு அது பிறகு வந்தது. 1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியில், காற்று பெட்ரோலின் மேற்பரப்பைத் தடவிச் சென்று ஆவியை அள்ளிக்கொண்டது. பெட்ரோலைத் துளித்துளியாகப் பீய்ச்சும் வகை 1893 வாக்கில் வந்தது.

அப்படியானால் தமிழில் ‘கரியேற்றி’ என்று சொல்லிவிடலாமா? வேர்ப்பொருள் சரி, வேலைப்பொருள் தவறு. கேட்பவருக்குக் கரி மூட்டை ஏற்றும் லாரிதான் நினைவுக்கு வரும். இந்தப் பெட்டி செய்வது ஒரே வேலை: காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலப்பது. ஆகவே ‘கலப்பி’ என்பதே என் தேர்வு. வடிகட்டி, விசிறி என்று செய்யும் வேலையை வைத்துப் பெயரிடுவது நமக்குப் பழகிய வழிதானே.

கலப்பி என்று மனத்தில் பதித்துக்கொண்டால், ‘கோல்ட் ஏர் இன்டேக்’, அதாவது எஞ்சினுக்குக் குளிர்காற்று தரும் மாற்றம், செய்பவர்களுக்குப் பெரிய உதவி. முதலில் அந்தப் பெயரையும் திருத்திக்கொள்வோம். யாரும் காற்றைக் குளிரவைப்பதில்லை. பானெட்டுக்குள் சூடேறிய காற்றுக்குப் பதிலாக, ரேடியேட்டருக்கு முன்னாலிருந்து ஒரு குழாய் வழியாக வெளிக்காற்றைக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான். ‘வெளிக்காற்றுக் குழாய்’ என்றாலே விஷயம் புரிந்துவிடும்.

60 டிகிரி செல்சியஸ் காற்றைவிட 20 டிகிரி காற்று சுமார் 14 சதவீதம் அடர்த்தி கூடியது. அதே கொள்ளளவில் ஆக்சிஜன் அதிகம். ஆனால் பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். கலப்பியில் சென்சார் கிடையாது. அடர்த்தி கூடியதற்கு ஈடாகப் பெட்ரோலை அது முழுதாகக் கூட்டித் தராது, கலவை மெலிந்துபோகும். குழாயை மாட்டிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் கலப்பிக்குள் பெட்ரோல் அளவாக வரும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்க வேண்டும். கறுத்துப் புகைக்கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி.

இன்னொன்றை மறக்கவே கூடாது. ஈரமான ஒரு காலையில், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் மேலிருந்த கலப்பியைத் தொட்டுப் பார்த்தேன். எஞ்சின் கொதிக்கிறது, கலப்பியின் உடம்போ பானை மாதிரி வியர்த்துச் சில்லென்று இருந்தது. பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். வெளியே உறைநிலைக்கு மேல் இருந்தாலும், காற்றிலுள்ள ஈரம் உள்ளே பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும். பழைய கார்கள் பலவற்றில், எஞ்சினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பக்கத்திலிருந்து ஏர் ஃபில்டருக்கு ஒரு வெப்பக் குழாயும் அதைத் திறந்து மூட ஒரு மடலும் இருப்பது இதற்காகத்தான். புதுக் குழாய் போடும் ஆர்வத்தில் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் ஓட்டுவதாக இருந்தால், அந்த மடலை அப்படியே விட்டுவைத்து, வெளிக்காற்றுக் குழாயை அதன் மறுவாயில் பொருத்துங்கள்.