அண்டர்டாக்: பின்தங்கியவரா, எளியவரா?

"இது ஒரு பின்தங்கியவரின் கதை." நேற்றும் ஒரு பட விமர்சனத்தில் இதைப் படித்தேன். வசன வரிகளிலும் இதே சொல்தான், பொறி மொழிபெயர்ப்பிலும் இதேதான். அண்டர்டாக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இது பொருந்தவே இல்லை.

அண்டர்டாக் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஆங்கிலத்தில் பரவிய சொல். நாய்ச்சண்டையில் அடிபட்டுக் கீழே கிடக்கும் நாய் அது. மேலே நிற்பது டாப்டாக். அப்புறம் விளையாட்டு, தேர்தல் என்று பரவி, தோற்றுவிடும் என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவுகட்டிவிட்ட தரப்புக்குப் பெயரானது. கீழ்நாய் என்று அப்படியே மாற்ற வழியில்லை. தமிழில் மனிதரை நாய் என்றால் அது வசை.

சரி, பின்தங்கியவர் என்றால் என்ன? ஓட்டம் தொடங்கிய பிறகு பின்னால் விழுந்தவர். அண்டர்டாக் என்ற பெயரோ மணி அடிப்பதற்கு முன்பே ஒட்டிக்கொள்கிறது. முதல் சுற்றில் அவர் முந்தினாலும் அந்தப் பெயர் போகாது. அதோடு பின்தங்கிய பகுதி, பின்தங்கிய மாவட்டம் என்று அரசாணைகளில் ஊறிய சொல் இது. அதைத் தூக்கி ஒரு குத்துச்சண்டைக்காரர் மேல் வைத்தால், படிப்பவர் வேறு ஏதோ படம் என்று நினைத்துக்கொள்வார். எல்லாவற்றையும் விட முக்கியமானது, இந்தச் சொல்லில் எதிராளி இல்லை. தன்னந்தனியாகவே ஒருவர் பின்தங்க முடியும். எதிரே ஒரு பலசாலி நிற்காமல் யாரும் அண்டர்டாக் ஆக முடியாது.

விளையாட்டுப் பக்கங்களில் வரும் கத்துக்குட்டியும் சரியில்லை. அது புதிதாகக் கற்பவருக்கான சொல். 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா 183 ரன்னுக்குச் சுருண்டது. எதிரே 1975, 1979 இரண்டு கோப்பைகளையும் வென்ற வெஸ்ட் இண்டீஸ். இந்தியா அண்டர்டாக்தான். ஆனால் 1932 முதல் டெஸ்ட் ஆடிவந்த அணியைக் கத்துக்குட்டி என்பது எப்படிப் பொருந்தும்?

'ஒன்றுமில்லாமல் தொடங்கியவர்' என்று எழுதுவோரும் உண்டு. இந்த வகைப் படங்களில் நாயகன் பெரும்பாலும் கையில் காசில்லாமல்தான் வருகிறான், அதனால் வந்த குழப்பம் இது. வெறுங்கையோடு தொடங்கிப் பணக்காரராவது முன்னேற்றக் கதை. அதில் எதிராளி வேண்டியதில்லை, ஆனால் கடைசியில் முன்னேறியே ஆக வேண்டும். அண்டர்டாக் கதைக்கு வெற்றிகூடக் கட்டாயமில்லை. 1976இல் வந்த 'ராக்கி' என்ற குத்துச்சண்டைப் படத்தின் முடிவில் ராக்கி புள்ளிக் கணக்கில் தோற்கிறார். பதினைந்து சுற்றும் விழுந்து எழுந்து நின்றதுதான் அந்தப் படம்.

எனக்குச் சரியாகப் படுவது எளியவர். 'எளியாரை வலியார் வாட்டினால் வலியாரைத் தெய்வம் வாட்டும்' என்கிறது பழமொழி. அண்டர்டாக், டாப்டாக் என்ற ஜோடி அப்படியே அதில் இருக்கிறது. வள்ளுவரும் 250ஆம் குறளில் வலியாரையும் மெலியாரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். எளியவருக்கு ஏழை என்ற பொருளும் உண்டே என்பார்கள். உண்மைதான். பக்கத்தில் வலியவரை நிறுத்திவிட்டால் அந்தக் குழப்பம் போய்விடும். 'எளியவர் வலியவரை எதிர்க்கும் படம்' என்று எழுதினால் யாருக்குத்தான் புரியாது?

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவதுதான் என் வருத்தம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை. களத்தில் இறங்கும் பெண்ணை ஒரு பாத்திரம் அண்டர்டாக் என்று சொன்னால், 'இவள் ஜெயிப்பாள் என்று இங்கே ஒருத்தரும் நினைக்கவில்லை' என்று வசன வரி போடலாம்.