"இன்னொரு வருஷம் போட்டா வந்துடுமா, டாக்டரம்மா?"

நீட் முடிவு வந்த வாரத்தில் என் கிளினிக்குக்குக் காய்ச்சலும் சளியும் இல்லாத ஒரு கூட்டம் வரும். கடைசி டோக்கன் போகும்வரை வெளியே பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் குழந்தை மருத்துவர். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் தொடையில் தடுப்பூசி போட்ட பிள்ளைகள்தான் அவர்கள். இப்போது மீசை அரும்பியிருக்கும். செல்போனில் மார்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நிற்பார்கள். அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே டாக்டர் நான்தான், அதனால் டாக்டர் ஆவதைப் பற்றிக் கேட்கவும் என்னிடமே வருகிறார்கள்.

கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இன்னொரு வருஷம் போட்டா வந்துடுமா, டாக்டரம்மா?"

இதற்கு ரொம்ப நாள் ஒரு தயார் பதில் வைத்திருந்தேன். "முயற்சி பண்ணு தம்பி, கண்டிப்பா கிடைக்கும்." சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. அப்பா முகம் தெளியும், அம்மா கும்பிடுவார், நானும் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.

ஒரு குழந்தையின் ரத்தப் பரிசோதனை சரியில்லை என்றால் நான் இப்படிப் பேசுவதில்லை. கதவைச் சாத்துவேன். பெற்றோரை உட்காரவைப்பேன். இதுவரை அவர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் கேட்பேன். பிறகு சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். "எல்லாம் சரியாயிடும்" என்று பார்க்காமலே சொல்வது எங்கள் தொழிலில் குற்றம். ஆனால் மார்க் விஷயத்தில் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் என் கதைதான் என்று நினைக்கிறேன். பிளஸ் டூவோடு நுழைவுத் தேர்வும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப் பார்த்த காலத்தில் படித்தவள் நான். ஓரத்தில் நின்று, அரை மார்க் வித்தியாசத்தில் சீட் வாங்கினேன். உள்ளே வந்துவிட்டவர்களுக்கு முயற்சி எப்போதும் பலித்ததாகத்தான் தோன்றும். அதே அரை மார்க்கில் வெளியே நின்றவர்கள் யாரும் இன்று கிளினிக் போட்டு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி என்னிடம் நான்கு வருஷம் தொடர்ந்து வந்தாள். முதல் தடவை 138. பிறகு 211, 246, 239. ஒவ்வொரு தடவையும் என் பதில் மாறவில்லை. இரண்டாம் வருஷக் கோச்சிங்குக்கு அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. மூன்றாம் வருஷத்துக்கு ஒன்றரை மா நிலத்தை விற்றார்கள். அவளோடு படித்தவர்கள் பி.எஸ்சி. முடித்து கான்வொகேஷன் போட்டோவை ஸ்டேட்டஸ் வைத்தபோது அவள் இன்னும் பிளஸ் டூ புத்தகத்தில் இருந்தாள். கடைசியில் நர்சிங் சேர்ந்து நன்றாகவே படித்தாள், இப்போது வேலையிலும் இருக்கிறாள். ஒரு நாள் அண்ணன் குழந்தைக்கு ஊசி போட அழைத்து வந்தவள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "அப்போல்லாம் எனக்கு ஒருத்தர்கூட ஒரு நம்பர் சொல்லல டாக்டரம்மா. எல்லாரும் முயற்சி பண்ணுன்னுதான் சொன்னாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதிலிருந்து நம்பர் சொல்லப் பழகிக்கொண்டேன். முதலில் நான் உடைப்பது "நீட் பாஸ்" என்ற சொல்லை. 2025-இல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 720-க்கு 144. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் பிரிவினருக்கு 113. அந்த ஆண்டு நாடு முழுக்கத் தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். இடங்களோ அரசு, தனியார் எல்லாம் சேர்த்துச் சுமார் 1.2 லட்சம். பாஸ் என்றால் வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த 144-ஐ வைத்துக்கொண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் தேடலாம். அங்கே பல இடங்களில் ஆண்டுக் கட்டணமே இருபது லட்சத்தைத் தாண்டும். அதாவது, குறைந்த மார்க் பணம் இருப்பவரிடம் தகுதியாகிறது, இல்லாதவரிடம் வெறும் நம்பிக்கையாக நின்றுவிடுகிறது.

போன வருஷ மார்க்கோடு ஒப்பிடுவதும் ஏமாற்றும். 2024-இல் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720. அடுத்த வருஷம் கேள்வித்தாள் கடினம், முதலிடமே 686. பக்கத்து வீட்டுப் பையன் 600 எடுத்தும் கிடைக்கவில்லை என்பது ஒரு வருஷத்துக் கதை. அதனால் மார்க்கை விட்டுவிட்டு ரேங்கைப் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த வருஷம் வந்த பையனுக்கு 215. இது இரண்டாவது தடவை. போன வருஷம் 187. அப்பா நெல் வியாபாரி. "ஏறியிருக்கு பாருங்க டாக்டரம்மா" என்றார். நான் ஓ.எம்.ஆர். தாளைக் காட்டச் சொன்னேன். விடைக்குறிப்போடு ஒத்துப்பார்த்து வைத்திருந்தான். 180 கேள்விக்கும் வட்டத்தை நிரப்பியிருந்தான். சரி 79, தவறு 101.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்தான் போடுவேன். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 போகும். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் நான்கில் ஒரு தடவை சரியாக விழும். ஒன்றுமே படிக்காமல் 180-ஐயும் இப்படி நிரப்பினால் சராசரியாக 45 மார்க் வரும். இந்தப் பையன் கணக்கைத் திருப்பிப் போட்டால், அவனுக்கு உண்மையில் தெரிந்திருந்தது ஏறக்குறைய 45 கேள்வி. மிச்சம் 135-ஐயும் குத்துமதிப்பாகத் தொட்டதில் 34 சரியாக விழுந்திருக்கிறது. 215-இல் 180 மார்க் அவனுடையது. 35 மார்க் அதிர்ஷ்டத்தினுடையது.

இதே 215-ஐ இன்னொரு பெண் வேறு மாதிரி எடுத்திருந்தாள். தொட்டது 85 கேள்வி, அதில் 60 சரி. 95-ஐத் தொடவே இல்லை. கேட்டால், பிளஸ் டூ பொதுத் தேர்வு முடித்த கையோடு எழுதியதாம். பயாலஜியையும் பாதி கெமிஸ்ட்ரியையும்தான் முடித்திருந்தாள், இயற்பியலைத் திறக்கவே நேரமில்லை. அவளிடம் "ஒரு வருஷம் போட்டுப் பாரு" என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் அவள் படித்தது தேறியிருக்கிறது, படிக்காதது அப்படியே கிடக்கிறது. இவனோ நாமக்கல் பக்கத்தில் ஹாஸ்டலில் தங்கி ரிப்பீட்டர் பேட்சில் மொத்தப் பாடத்தையும் இரண்டு சுற்று முடித்தவன். அதற்குப் பிறகும் 45 கேள்வி. மார்க் ஒன்றுதான், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் ஒருவருக்கு அது பொய்யாகிவிடும்.

இதற்கு நேர் எதிரான தப்பையும் செய்திருக்கிறேன், அதையும் எழுதியாக வேண்டும். நேர்மையாக இருக்கிறேன் என்ற பெருமையில், 280 எடுத்த ஒரு பையனிடம், "இதுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காதுப்பா, வேற பாரு" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். எந்தப் பள்ளியில் படித்தான் என்று கேட்கவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்து இரண்டாம் வருஷம் அது. அவனுக்கு அந்த வழியில் அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. அவன் பள்ளி விலங்கியல் ஆசிரியர் விவரம் தெரிந்தவர். என் பேச்சைக் கேட்காமல் விண்ணப்பிக்க வைத்துவிட்டார். பாதி விவரத்தோடு சொல்லும் கசப்பான வார்த்தைக்கு உண்மை என்று பெயர் வைத்துவிட முடியாது. இப்போது வாயைத் திறக்கும் முன் கேட்கிறேன்: எந்தப் பள்ளி, 69 சதவீத இடஒதுக்கீட்டில் எந்தப் பிரிவு, ரேங்க் என்ன, போன வருஷம் அதே பிரிவில் கடைசி இடம் எந்த ரேங்க்கில் நின்றது.

திரும்ப எழுதுவதே முட்டாள்தனம் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் 2020-21இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் 71 சதவீதத்துக்கும் மேல் திரும்ப எழுதியவர்கள்தான். 2016-17இல் அது 12 சதவீதம் சொச்சம். கோச்சிங் விளம்பரம் இந்த மாதிரிக் கணக்கைத்தான் காட்டும். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் திரும்ப எழுதியவர்கள் என்பது ஒரு கேள்வி. திரும்ப எழுதியவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது வேறு கேள்வி. பெற்றோருக்குத் தேவை இரண்டாவது. பிளக்ஸ் போர்டில் இருப்பது எப்போதும் முதலாவது.

முடிவு வந்த மறுநாளே ஏஜென்ட்டுகளும் போன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். "உங்க மார்க்குக்கு வெளிநாட்டுல சீட் ரெடி." தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கிலவழி, அதே நிறுவனத்திலேயே 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதி, இத்தனையும் இருந்தால்தான் இங்கே வந்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி. தேர்வே எழுத முடியும். 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி. பல தடவை நான்கில் ஒருவர்கூடத் தேறியதில்லை. கல்யாண மண்டபத்தில் சாப்பாடு போட்டு நடத்தும் செமினாரில் இந்தத் தேர்வைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இங்கே 45 கேள்வியில் தடுமாறிய பிள்ளை ஆறு வருஷம் கழித்து, ஊரை விட்டு, கடனோடு வந்து அதை எழுத வேண்டும்.

உண்மையைச் சொல்லப் பயப்படும் டாக்டர்கள், ஆசிரியர்கள் பலர் என்னிடம் ரகசியமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. "ஏதாவது பண்ணிக்கிட்டா?" 2017-இலிருந்து நீட் முடிவு வரும் நாட்களில் செய்தித்தாளைப் பிரிக்கவே நமக்குக் கை நடுங்குகிறது, அதனால் இந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பயமாக இருந்தால் அதைப் பற்றிக் கேட்க வேண்டும், மார்க்கைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. நான் அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு நேராகவே கேட்கிறேன்: தூங்குறியா, சாப்பிடுறியா, செத்துடலாம்னு எப்பவாவது தோணுச்சா? இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. தோன்றியது என்றால் அன்றைக்கு மார்க் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு அது மனநல மருத்துவரின் வேலை, வீட்டில் ராத்திரி ஒரு ஆள் கூடவே படுக்க வேண்டும். மனநல உதவிக்கு 104-க்கும், 14416 டெலி மானஸுக்கும் எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம். இந்த இரண்டு எண்ணும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கின்றன.

வேறு படிப்பைச் சொல்லும்போது ஆறுதல் பரிசு மாதிரி சொல்லக் கூடாது என்பதை அந்த நர்சிங் பெண்ணிடம்தான் கற்றேன். நர்சிங், பார்மசி, ரேடியாலஜி தொழில்நுட்பம் எல்லாவற்றுக்கும் இங்கே பிளஸ் டூ மார்க்தான். கால்நடை மருத்துவத்திலும் மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம்; ஆனால் அதன் கட்-ஆஃப் கேட்டால் தலை சுற்றும். சித்த மருத்துவத்துக்கு நீட் வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. இந்த விண்ணப்பங்களெல்லாம் நீட் பரபரப்பு நடக்கும் அதே நாட்களில்தான் வந்து போகின்றன. "நீட் முடிவு வரட்டும், பாத்துக்கலாம்" என்று இருந்தே வருஷத்தைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அந்த 215 பையனுக்கு வருகிறேன். தூக்கம் சரியாக இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறது, அந்த மாதிரி எண்ணம் எதுவும் இல்லை என்றான். கட்டை விரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். சீட்டை அவன் பக்கம் திருப்பி வைத்துச் சொன்னேன்: "ரெண்டு வருஷத்துல நீ ஏறினது 28 மார்க். உனக்கு நிச்சயமாத் தெரிஞ்சது 45 கேள்வி. அரசு சீட்டுக்கு அதைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல வேணும். இன்னொரு வருஷத்துல வரும்னு எனக்குத் தோணல." அதோடு நிறுத்திக்கொண்டேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லணுமா?" என்றான்.

அவரை உள்ளே கூப்பிட்டோம். நான் ஆரம்பித்தேன், அவனே முடித்தான். அவர் சீட்டை எடுத்து, கண்ணாடி இல்லாததால் தூர நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "இது உனக்கு முன்னாடியே தெரியுமாடா?" தலையாட்டினான். "போன வருஷமே?" மறுபடியும் தலையாட்டினான்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நேத்துதான் மூணாம் வருஷத்துக்கு அட்வான்ஸ் இருபதாயிரம் கட்டினேன். திருப்பிக் கேட்டா தருவாங்களா, டாக்டரம்மா?"

ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.