வீட்டில் ஜப்பானிய மாணவி தங்கப் போகிறாளா? ஒரு குழந்தை மருத்துவர் சொல்வது

ஜூலை மாதம் வந்தால் என் கிளினிக்குக்கு வரும் போன்களில் ஒரு புது ரகம் சேர்ந்துகொள்ளும். "டாக்டர், எங்க வீட்ல ஜப்பான்லேருந்து ஒரு பொண்ணு வந்து தங்கப் போகுது. ப்ளஸ் ஒன் படிக்கிற வயசு. என்ன சாப்பாடு குடுக்கலாம்? என்ன ஊசி போட்டுட்டு வரணும்?" ஜப்பானில் பள்ளிக்கூடம் ஏப்ரலில் தொடங்குகிறது. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை கோடை விடுமுறை. பரிமாற்றத் திட்டங்களில் குறுகிய காலத்துக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் அப்போதுதான் சென்னையில் இறங்குகிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிட அதிகமாக நோயில் விழுவதில்லை. ஆனால் விழுந்தால் வாயைத் திறந்து சொல்வதில்லை. நம் வீட்டுப் பையனுக்கு வயிறு வலித்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். விருந்தாளியாக வந்த பதினாறு வயசுப் பெண், யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று பொறுத்துக்கொள்வாள். "ரொம்ப சமத்து, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லும் குடும்பங்களைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கும்.

ஆடிப்பெருக்கு அன்று ராத்திரி ஒரு அம்மா அப்படி ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். மத்தியானம் இலை போட்டு சர்க்கரைப் பொங்கல், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை, தயிர் சாதம், வடை எல்லாம் பரிமாறியிருக்கிறார்கள். "எல்லாத்தையும் ரசிச்சு சாப்பிட்டா டாக்டர், வைக்க வைக்க சாப்பிட்டா" என்றார் அந்த அம்மா, பெருமையாகவே. பெண் மடியில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினாள். படுக்க வைத்து மேல்வயிற்றில் லேசாகக் கை வைத்ததும், அவள் விரல்கள் கட்டிலின் ரெக்ஸின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டன. முகத்தில் அப்போதும் சிரிப்புதான்.

நடந்தது இதுதான். ஜப்பானில் பள்ளி மதிய உணவிலிருந்தே தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்று பழக்குகிறார்கள். அவளைப் பொறுத்தவரை தட்டு காலியானால் சாப்பாடு முடிந்தது. நமக்கோ இலை காலியானால் பரிமாறியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உபசரிப்பு என்ன ஆவது? அவள் முடிக்க முடிக்க இவர்கள் வைக்க, இவர்கள் வைக்க வைக்க அவள் முடிக்க. இலையை மடித்தால் போதும் என்பதை அவளுக்கு யாருமே சொல்லித்தரவில்லை. முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுங்கள். கேட்காமல் வைக்காதீர்கள். இரண்டாவது தடவை வேண்டாம் என்றால் அது நிஜமாகவே வேண்டாம்தான், வெட்கம் இல்லை.

கேட்கும் விதமும் முக்கியம். "நல்லா இருக்கியா?", "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "வலி பத்துக்கு எத்தனை?", "இட்லி ரெண்டா, மூணா?", "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கின?" என்று கேளுங்கள். எண்ணாகவோ, இரண்டில் ஒன்றாகவோ பதில் சொல்வது அவளுக்குச் சுலபம். ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வந்த புதிதில் விடிகாலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தால் அது சகஜம். வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், சாப்பாடும் குறைந்து, அறையைவிட்டு வெளியே வராமல் இருந்தால் சகஜம் இல்லை.

ஒவ்வாமை விவரத்தை வருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜப்பானில் உணவுப் பொட்டலங்களில் முட்டை, பால், கோதுமை, பக்வீட் என்ற தானியம், நிலக்கடலை, இறால், நண்டு, வால்நட் போன்றவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். வால்நட் 2023-இல்தான் சேர்ந்தது. அச்சிட்ட விவரத்தைப் பார்த்துச் சாப்பிட்டே வளர்ந்த பிள்ளைக்கு, நம் வீட்டுச் சமையலில் எதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? "நாங்க சைவம், பயமே இல்ல" என்பார்கள். சட்னியில் வேர்க்கடலை அரைத்திருப்பார்கள், குருமாவில் முந்திரி இருக்கும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதைப் போட்ட ரசம் ஆகாது. கடுமையான ஒவ்வாமைக்கு உடனே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா ஊசி தேவைப்படும் பிள்ளை ஊரிலிருந்தே அதைக் கொண்டுவர வேண்டும். இங்கே மருந்துக்கடையில் சட்டென்று கிடைக்காது. பாலிலும் கவனம் வேண்டும். கிழக்காசியர்களில் பலருக்குப் பால் சரியாகச் செரிக்காது. காலையில் ஃபில்டர் காபி, சாயந்திரம் ஹார்லிக்ஸ், ராத்திரி பாயசம் என்று கொடுத்துவிட்டு "தண்ணி ஒத்துக்கல போல" என்று வருகிறார்கள்.

தண்ணீரும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்தான். ஜப்பானில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். கேன் தண்ணீரைக் காட்டி இதைத்தான் குடிக்க வேண்டும் என்று சொன்னாலும், பல் தேய்க்கும்போது கை தானாகக் குழாய்க்குப் போகும். வாஷ்பேசின் பக்கத்திலேயே ஒரு பாட்டிலும் டம்ளரும் வைத்துவிடுங்கள்.

அப்புறம் அவள் பையில் இருக்கும் மருந்துப் பை. எல்லாப் பெட்டியிலும் ஜப்பானிய எழுத்துதான். ஜப்பானில் கடையிலேயே கிடைக்கும் வலி மாத்திரைகளில் லோக்ஸோனின் என்பது லோக்ஸோப்ரோஃபென், ஈவ் என்பது இபுப்ரோஃபென், பஃபரின் ஏ என்பது ஆஸ்பிரின். தலைவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் அம்மா கொடுத்தனுப்பியிருப்பார். சென்னையில் காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் இந்த மூன்றுமே ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும்தான் என்பதை முதல் வாரமே சொல்லிவையுங்கள். ஜப்பானில் அதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர்.

மேல் கையில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் புள்ளிகள் இருந்தால் பதற வேண்டாம். அது பி.சி.ஜி. தடுப்பூசியின் தழும்பு. அங்கே 9 ஊசிகள் கொண்ட அச்சை இரண்டு தடவை அழுத்துவார்கள். "தோல் வியாதியா டாக்டர்?" என்று ஒரு பாட்டி என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

நாய் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பயமுறுத்தியே சொல்கிறேன். ஜப்பானுக்குள் வெறிநோய் பரவி 1957-க்குப் பிறகு இல்லை. தெருநாயைக் கண்டு ஒதுங்க வேண்டும் என்ற எண்ணமே அந்தப் பிள்ளைகளுக்கு வராது. குட்டியைப் பார்த்தால் குனிந்து கொஞ்சுவார்கள். சின்னக் கீறல் பட்டால் வீட்டில் சொல்லவும் மாட்டார்கள். முதல் நாளே கதவுக்கு வெளியே கூட்டிப்போய், எந்த நாயையும் பூனையையும் தொடக்கூடாது, பட்டால் உடனே சொல்ல வேண்டும், யாரும் திட்ட மாட்டோம் என்று சொல்லுங்கள். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் கிழிந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசியும் தேவைப்படும்.

மற்றவை சுருக்கமாக. அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கட்டும். மாதவிடாய் நாட்களில் தனியாக உட்கார வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அதை அவள்மேல் சுமத்தாதீர்கள். அது முடியாதென்றால் பிள்ளையை அழைக்காமல் இருப்பதே நல்லது, இது என் கருத்து. நாப்கினை எங்கே போடுவது என்று வீட்டுப் பெண்கள் யாராவது முதல் நாளே காட்டிவிடுங்கள். சொந்தக்காரர்கள் எடுக்கும் போட்டோக்கள் அவள் சம்மதமும் பெற்றோர் சம்மதமும் இல்லாமல் இணையத்துக்குப் போகக்கூடாது. வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும், முன்பு சி படிவம் என்று சொன்னார்களே, அதுதான். திட்ட அமைப்பாளரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள். ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு 119, போலீசுக்கு 110. அவள் போனில் இங்குள்ள 108, 112, குழந்தைகளுக்கான 1098 மூன்றையும் பதிந்து கொடுங்கள்.

ஊருக்குக் கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டி வந்தால் நல்லது. நாய் கடித்து ஊசி தொடங்கியிருந்தால், அது தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. கடைசி ஊசிக்குள் பிள்ளை ஜப்பான் போய்ச் சேர்ந்திருக்கலாம். மருந்தின் பெயர், போட்ட முறை, தேதிகள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி அவள் கையில் கொடுங்கள். காப்பீட்டுக்கு ஒரிஜினல் ரசீதுகளும் வேண்டியிருக்கும். திரும்பிப்போன சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் இந்தியாவிலிருந்து வந்ததை அங்கே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், அதை அவள் பெற்றோருக்கும் ஒரு வரி எழுதிப் போட்டுவிடுங்கள்.